பார்க்காமல் ஊற்றிய கை

குன்றத்தம்மா தன் வலது கையைத் திட்டிய மாதிரி எந்த மாமியாரும் மருமகளைத் திட்டியிருக்க மாட்டாள். விடிந்ததும் கட்டிலில் சம்மணம் போட்டு உட்காருவாள். கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொள்வாள். அப்புறம் ஆரம்பிப்பாள்.

"ஏ சோம்பேறி, அசையேன். உன்னத்தான். மூணு வேளையும் கொட்டிக்கத் தெரியுது இல்ல? அசையறதுக்கு இன்னா கேடு?"

பக்கத்துக் கட்டில் என்னுடையது. எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. "யக்கா, கைய எழுப்பறேன்னு வார்டையே எழுப்பிகினு கீறியே, கொஞ்சம் கண்ண மூடவுடு" என்று கத்துவேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். கட்டைவிரலை முறைத்துப் பார்த்தபடி இருப்பாள். அதுவும் அவளை மதிக்காமல் ஓரமாகப் படுத்திருக்கும்.

செங்கல்பட்டுக்கு வெளியே பெருவியாதிக்காரர்களுக்கென்று, குஷ்டம் வந்தவர்களுக்கென்று இருந்த ஆஸ்பத்திரி அது. ஐம்பதுகளின் நடுவில் இருக்கும். வருஷம் சரியாக நினைவில்லை. பெண்கள் வார்டில் யாருக்கும் பெயர் கிடையாது. பெயர் வெளியே போனால் வீட்டு மானம் போய்விடும் என்று எல்லாரும் ஊரை மட்டும்தான் சொல்லுவோம். எதிர்க் கட்டில் கடப்பாக்கம். நான் செய்யூர். அவள் திருக்கழுக்குன்றம். அவ்வளவு நீளத்தை யார் கூப்பிடுவது, குன்றத்தம்மா ஆகிவிட்டாள். அவள் பெயர் எனக்கு அப்போதும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

மாத்திரையில் எங்கள் இரண்டு பேருக்கும் வியாதி நின்றுபோயிருந்தது. இனித் தொத்தாது என்று காகிதமே எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் கை போனது போனதுதான். விரல்கள் கொக்கியாக வளைந்துவிட்டன. கட்டைவிரல் மற்ற விரல்களோடு சேரவே சேராது. தொட்டால் தெரியாது, சுட்டால் தெரியாது. அடுப்பில் இருக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கிவிட்டு, தோல் கருகும் வாசனை வந்த பிறகு 'ஐயோ' என்போம்.

அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஓர் ஆபரேஷன் செய்ய ஆரம்பித்தார்கள். வளைந்த விரல்களை நிமிர்த்துவார்கள். மோதிர விரலை மடக்குகிற நரம்பை எடுத்து உள்ளங்கை வழியாகக் கொண்டுபோய்க் கட்டைவிரலில் கட்டிவிடுவார்கள். நரம்பு என்பது எங்கள் பாஷை. தசையின் நுனியில் இருக்கிற கயிறு அது. மாசி மாதத்தில் ஒரே வாரத்தில் எங்கள் இருவருக்கும் செய்தார்கள். மூன்று வாரம் மாவுக்கட்டு.

கட்டுப் பிரித்த அன்று கைப்பயிற்சி சொல்லித்தருகிற ஐயா வந்தார். மீசைகூட ஒழுங்காக முளைக்காத பிள்ளை. எங்கள் எதிரில் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"டாக்டர் வேலை முடிஞ்சிடுச்சும்மா. இனிமே உங்க மூளைக்குத்தான் வேலை. கட்டைவிரல அசைக்கணும்னா, மோதிர விரல மடக்குற மாதிரி நினைக்கணும். வாசல் லைட்டு சுவிட்சைப் போட்டா சமையக்கட்டு லைட்டு எரியிற மாதிரி ஒயர மாத்தி வெச்சிருக்கோம். மூளைக்கு இந்தச் சேதி இன்னும் போய்ச் சேரல. தினம் தினம் செஞ்சாத்தான் உள்ள புதுசா வழி உண்டாவும். மூளையே மாறும்."

குன்றத்தம்மாதான் பதில் சொன்னாள்.

"எங்க வூட்ல லைட்டு ஏது ஐயா, சீமெண்ணெ விளக்குதான். ஆனா நீங்க சொல்றது புரியுது. வயல்ல ஒத்தையடிப் பாத வுழறாப்பலதானே? நடந்தா வழி. நடக்காட்டி முள்ளு."

"அதேதான்மா" என்று அந்தப் பிள்ளை சிரித்தார்.

அன்றிலிருந்து அதுவே அவள் வாய்ப்பாடு. கஞ்சி வருவதற்கு நேரமானாலும் நடந்தா வழி. யாராவது பயிற்சிக்கு வராமல் சுருண்டு படுத்திருந்தாலும் நடக்காட்டி முள்ளு. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்தது.

அவள் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அதை மறைந்திருந்து கேட்டவள் நான், சொல்லிவிடுகிறேன்.

அவள் புருஷன் கோயில் ஆபீசில் கணக்குப்பிள்ளை. வருஷத்தில் இரண்டு தடவை வந்து புங்கமரத்தடியில் நாலு முழம் தள்ளி நிற்பார். பேசிவிட்டுப் போய்விடுவார். நாலு வயசுப் பெண்ணை நாத்தனார் கையில் விட்டுவிட்டு இவள் ஆஸ்பத்திரிக்கு வந்து பதிமூன்று வருஷம். ஒரு தடவைகூட அந்தப் பெண்ணை அவர் கூட்டி வந்ததில்லை. குழந்தை பயந்துவிடும் என்பார். தை மாதம் வந்தவர், பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம் என்றார். மாப்பிள்ளை கேளம்பாக்கத்தில் உப்பளத்து ஆபீசில் வேலை. மாமல்லபுரத்துச் சத்திரத்தில் முகூர்த்தம். நான் வேலிக்கு இந்தப் பக்கம் புடவை உலர்த்திக்கொண்டிருந்தேன்.

குன்றத்தம்மா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தாரை வாக்கறப்போ தண்ணி நான் ஊத்தணும்."

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் அதுதான் பெற்றவளின் வேலை. அப்பன், பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைப்பான். அம்மா செம்பிலிருந்து அந்தக் கைகளின் மேல் தண்ணீர் ஊற்றுவாள். அதோடு பெண் அவர்கள் வீட்டுப் பெண். தாலி கட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம், அவ்வளவுதான்.

அவர் அவளுடைய கொக்கிக் கையைப் பார்த்தார். "இந்தக் கைய வெச்சுகினா?" என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, "ஏதோ ஆபரேஷன் பண்றாங்களாமே. கை நல்லாயி, பாக்குறவங்களுக்குத் தெரியாதமேனிக்கு ஆச்சுன்னா வா. நீயே ஊத்து" என்றார்.

அடுத்த நாளே அவள் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தாள். பயம் கியம் ஒன்றும் இல்லை அவளுக்கு. பயந்தது நான்தான்.

பொய் சொல்லக் கூடாது, எனக்குப் பயிற்சியின் மூன்றாம் நாளே கட்டைவிரல் அசைந்துவிட்டது. மோதிர விரலை மடக்கு என்று நினைத்தேன், கட்டை குறுக்கே வந்து நின்றது. ஊரைக் கூட்டினேன். "எனக்கு வந்திடுச்சு, எனக்கு வந்திடுச்சு" என்று வார்டு முழுக்கக் கையைக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

"உனக்கு வராம இன்னா" என்றாள் குன்றத்தம்மா. "இருவத்திரெண்டு வயசு. மண்ட காலியாக் கீது, எங்க வேணா வழி போடலாம்."

அவள் மண்டை காலியாக இல்லை. நாற்பதைத் தொட்டுவிட்ட மண்டை. கட்டைவிரல் என்றால் கட்டைவிரலைத்தான் அதற்குத் தெரியும். நாலு நாள், ஏழு நாள், பத்து நாள். கட்டை அசையவில்லை. இடது கை ஓடி வந்து ஒத்தாசை செய்கிறது, அதனால்தான் வலதுக்குத் திமிர் என்று சொல்லி, இடது கையை முந்தானையால் இடுப்போடு சேர்த்துக் கட்டச் சொன்னாள். நான்தான் கட்டினேன். வலது கையால் சோற்றைப் பிசையப் பார்ப்பாள். சோறு தட்டு முழுக்க ஓடும், வாய்க்கு வராது. கடைசியில் குனிந்து தட்டிலேயே வாய் வைத்தாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அவுத்து வுடறேன் யக்கா. யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாக்கறேன் இல்ல" என்றாள், வாயெல்லாம் சோறாக.

பதினோராம் நாள் அவள் உடைந்து போனாள். கையைக் கட்டில் கம்பியில் ஓங்கி ஓங்கி அடித்தாள். வலிக்காத கை, அடிக்கிறவளுக்கு நிறுத்தத் தெரியாது. நான் பாய்ந்து பிடித்தேன். "செத்த கைடி இது. பொணத்துக்கு இன்னாத்தச் சொல்லிக் குடுக்கறது? வைகாசி வந்திடும்டி, வைகாசி வந்திடும்" என்று அரற்றினாள். எனக்கும் அழுகை வந்தது. அழுகையை மறைக்கத் தெரியாமல் கோபப்பட்டேன்.

"கட்ட கட்டன்னு அதையே நெனச்சா எப்படி வரும்? மோதர விரல நெனன்னு அந்தப் புள்ள தலப்பாடா அடிச்சிகினு கீறாரு. எத்தினி தரம் மோதர விரல மடக்கிக்கீற உன் ஜென்மத்துல, ஒண்ணுகூடவா ஞாபகம் இல்ல?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"கீது" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டாள். கட்டைவிரல் மெள்ள எழுந்தது. உள்ளங்கைக்குக் குறுக்கே வந்தது. நின்றது. அவளுக்கு அது தெரியவில்லை; கண் மூடியிருந்தது, கைக்கோ உணர்ச்சியில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"யக்கா, கண்ணத் தொற" என்றேன்.

பிறகு சொன்னாள். சித்திரைத் தேருக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போவாளாம். அதற்குக் கை முழுக்கப் பிடிக்க எட்டாதாம். இவளுடைய மோதிர விரல் ஒன்றை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடக்குமாம். கூட்டம் நெருக்கும்போது நழுவிவிடப் போகிறதே என்று இவள் அந்த விரலை மடக்கிக் கொக்கி போட்டுக்கொள்வாளாம். "அத நெனச்சேன். அவ்வளவுதான். பழைய வழிதான்டி. போய்ச் சேர்ற எடம்தான் வேற."

அதற்கப்புறம் கட்டைவிரல் அசைய வேண்டுமென்றால் அவளுக்கு ஒரே உபாயம்தான். தேர்க்கூட்டத்தில் குழந்தையைப் பிடிப்பாள். கட்டை வந்துவிடும். நாளுக்கு நூறு தரம், இருநூறு தரம். கட்டைவிரலால் ஒவ்வொரு விரலின் கணுவாகத் தொட்டு எண்ணச் சொல்லியிருந்தார் ஐயா. உட்கார்ந்த இடத்தில் அதே வேலையாக இருப்பாள். தட்டில் வாய் வைப்பது நின்றது. சோறு வாய்க்கு ஏறியது.

செம்பும் பிடிக்க வந்தது. ஆனால் கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உணர்ச்சியில்லாத கைக்குக் கண்தான் உணர்ச்சி. இப்படித் திரும்பி யாரிடமாவது ஒரு வார்த்தை பேசினால் போதும், பிடி தளர்ந்து செம்பு தடாலென்று விழும். எங்கள் வார்டில் எல்லாருக்கும் அப்படித்தான்.

"அதுக்கு இன்னா, பாத்துகினே ஊத்து" என்றேன்.

"கையையே மொறச்சுப் பாத்துகினு ஊத்தினா நாலு பேருக்குச் சந்தேகம் வந்திடும். அதுகூடக் கிடக்கட்டும்" என்றாள். "கையப் பாத்துகினு இருந்தா அவ மூஞ்சிய நான் எப்போடி பாக்கறது?"

பார்க்காமல் ஊற்றப் பழகினாள். எதிரில் என்னை உட்காரவைத்து, என் முகத்தைப் பார்த்தபடி என் கைமேல் ஊற்றுவாள். விரலுக்குத் தெரியாவிட்டாலும் முழங்கைக்குத் தெரியும் என்று கண்டுபிடித்தாள். முழங்கைக்குக் கீழே உயிர் இருந்தது. செம்பு கனத்தால் அங்கே ஓர் இழுப்பு, காலியானால் இழுப்பு விட்டுப்போகும். அந்த இழுப்பை வைத்தே பிடியைச் சரிபார்க்கத் தலைக்குச் சொல்லிக்கொடுத்தாள். பத்துத் தரத்தில் ஆறு தரம் விழும். என் மடி எந்நேரமும் ஈரம். செம்பு விழுகிற சத்தத்துக்குக் கடப்பாக்கத்து அம்மா சாபம் விடுவாள். "கல்யாணம் முடியட்டும்மா, இந்தச் செம்ப உன் தலையிலயே போட்டுடறேன்" என்பாள் குன்றத்தம்மா.

ஒருநாள் செம்பின் கழுத்தில் ரத்தம் பார்த்தேன். இழுத்து வைத்துக் கையைப் பிரித்தால், கட்டைவிரலடியில் தோல் உரிந்து சதை தெரிகிறது. எத்தனை நாளாகவோ துணி சுற்றி மறைத்திருக்கிறாள்.

"சொல்லிடாதடி செய்யூரு. உன் கால்ல வுழறேன். சொன்னா கட்டுப் போட்டுடுவாங்க. இன்னும் இருவது நாள்தான் கீது."

நான் போய்ச் சொல்லிவிட்டேன். புண் எலும்புக்கு இறங்கி விரலையே எடுத்த கைகளை அந்த வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு நாள் மாவுக்கட்டு போட்டார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு தரம் சொன்னாள்: "உனக்கு ஒரு பொண்ணு இருந்தா தெரியும்." அந்தச் சொல் எனக்கு எப்படி இருந்திருக்கும்? என்னைக் கட்டினவன் வியாதி தெரிந்த வாரமே என்னை அண்ணன் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனவன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

கட்டுப் போட்ட கையோடு அவள் சும்மா படுத்திருந்தாள். கண்ணை மூடியிருப்பாள், தூங்கவில்லை என்பது மட்டும் தெரியும். விட்டுவிட்டாள், மனசு செத்துப்போச்சு என்று நினைத்தேன். கட்டுப் பிரித்த அன்று ஐயா செம்பைக் கையில் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்த்தபடி, சொட்டுச் சிந்தாமல் முழுச் செம்பையும் ஊற்றினாள். முன்னைவிட நன்றாக ஊற்றினாள். ஐயாவுக்கே ஆச்சரியம்.

"இது எப்படிம்மா? பன்னெண்டு நாள் அசையவே இல்லையே."

"கையத்தானே கட்டினீங்க? நெனப்பக் கட்ட முடியுமா? ஒரு நாளைக்கு நூறு தரம் மனசாலயே ஊத்தினேன்" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இன்னாடி உர்ருன்னு கீற, வா, மடிய ஏந்து" என்றாள். எங்கள் சண்டை தீர்ந்த விதம் அது.

வைகாசி வந்தது. நர்சம்மா அனுமதி கொடுத்தாள், துணைக்கு நானும் போகலாம் என்று. வார்டே சேர்ந்து அவளுக்குத் தலை வாரிவிட்டது. கடப்பாக்கத்து அம்மா தன் பெட்டியிலிருந்த ஒரே நல்ல புடவையை எடுத்துக் கொடுத்தாள். காலை முதல் பஸ்ஸில் மாமல்லபுரத்துக்கு ஏறினோம். கண்டக்டர் டிக்கெட்டை நீட்டினான். குன்றத்தம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அந்தத் துண்டுக் காகிதத்தை வாங்கினாள். அவன் ஒன்றும் கவனிக்காமல் அடுத்த ஆளுக்குப் போனான். அவள் என் தொடையைக் கிள்ளினாள். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது மட்டும் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு குனிந்துகொண்டாள்.

சத்திரத்து வாசலில் மேளம். நாங்கள் பக்கவாட்டில் நுழைந்தோம். அவள் புருஷன் எங்களைப் பார்த்துவிட்டார். அவசரமாகக் கொல்லைப்புறக் கிணற்றடிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"இன்னாத்துக்கு வந்த?"

"நீங்கதானே வரச் சொன்னீங்க? கை நல்லாயிடுச்சு. தோ, பாருங்க."

கிணற்று மேடையில் இருந்த செம்பை எடுத்தாள். அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், வாழைக்கன்றின் வேரில் ஒரே தாரையாக ஊற்றினாள். கை நடுங்கவில்லை. கட்டைவிரல் செம்பின் கழுத்தைச் சுற்றி அழகாக இருந்தது. யார் பார்த்தாலும் நல்ல கை என்றுதான் சொல்வார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் அப்படியே குந்திவிட்டார்.

"நீ செத்துட்டேன்னு சொல்லி வெச்சுக்கீறேன்" என்றார். "உன் தாய் வூட்டுக்குப் போன எடத்துல வாந்திபேதில போயிட்டேன்னு. மாப்பிள்ள வூட்டுக்கும் அப்படித்தான். பொண்ணுக்கும் அப்படித்தான். கேக்குறவங்களுக்கெல்லாம் பதிமூணு வருஷமாச் சொல்லிச் சொல்லி, எனக்கே பாதி நாள் அதுதான் நெசம்னு ஆயிடுச்சு. வருஷா வருஷம் திதி குடுக்கறேன். என் தம்பியும் அவன் பொண்டாட்டியும் தாரை வாக்குறாங்க."

"அப்போ எந்த வாயால வரச் சொன்னீங்க?" என்று நான் கத்தினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்தார்.

"கை நல்லாவும்னு யாரு நெனச்சது?"

அந்தச் செம்பாலேயே அவர் மண்டையை உடைத்திருப்பேன். குன்றத்தம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழவில்லை. "வுடு செய்யூரு. அவரும் பதிமூணு வருஷம் நடந்துக்கீறாரு. வழி வுழுந்திடுச்சு" என்றாள். அப்புறம் அவரிடம் சொன்னாள்: "சாப்பிட்டுட்டுக் கை கழுவ இங்கதானே வருவா? நான் இங்க நிக்கறேன். யாருன்னு கேட்டா வேலைக்கு வந்தவன்னு சொல்லுங்க. இதுக்காவது இல்லேன்னு சொல்லிடாதீங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார்.

கெட்டிமேளம் கொல்லைப்புறத்துக்கும் கேட்டது. அதற்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். அவள் கிணற்றைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன்.

பந்தி முடிந்து ஜனங்கள் எச்சில் கையோடு வர ஆரம்பித்தார்கள். நான் அண்டாவிலிருந்து மொண்டு கொடுத்தேன், அவள் ஊற்றினாள். எல்லாருக்கும் செம்பையே பார்த்துக்கொண்டுதான் ஊற்றினாள். கேளம்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினாள். யாரும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

கடைசியாகப் பெண் வந்தாள். கழுத்தில் புதுத் தாலி, நெற்றியில் வேர்வை, பசிக்குச் சாப்பிட்டுவிட்ட நிம்மதி. தோழிப் பெண்ணோடு எதற்கோ சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். நான் செம்பை விளிம்புவரை நிறைத்துக் கொடுத்தேன்.

குன்றத்தம்மா கண்ணை நிமிர்த்தினாள்.

அதன்பிறகு அவள் செம்பைப் பார்க்கவேயில்லை. அந்தப் பெண்ணின் நெற்றியைப் பார்த்தாள், புருவத்தைப் பார்த்தாள், சிரிக்கும்போது ஒரு பக்கம் ஏறுகிற உதட்டைப் பார்த்தாள். தண்ணீர் நூல் பிடித்த மாதிரி அந்தக் கைகளின் மேல் விழுந்துகொண்டே இருந்தது. பெண் கையைக் கழுவினாள், வாயைக் கொப்பளித்தாள், மறுபடி கையைக் காட்டினாள். தண்ணீர் மெலிந்தது, சொட்டியது, நின்றது. செம்பு சாய்ந்தபடியே இருந்தது. குன்றத்தம்மா ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"போதும் ஆயா. செம்பு காலி" என்று சிரித்தாள். கையை உதறினாள். இரண்டு சொட்டு குன்றத்தம்மாவின் முகத்தில் விழுந்தது. தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

நான்தான் அவள் கையிலிருந்து செம்பை வாங்கினேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாங்க வேண்டியிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கடைசி சீட்டு. எனக்கு வாயை அடக்க முடியவில்லை.

"செம்பு காலியானது தெரியலையா யக்கா?"

"முழங்கைக்குத் தெரிஞ்சது."

"அப்பால ஏன் புடிச்சிகினே நின்ன?"

"செம்பக் கீழ வெச்சா அவ போயிடுவா இல்ல?" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். "பேசாத வா. எண்ணிக்க தப்பிடும்."

"இன்னா எண்ற?"

"அவ மூஞ்சிய. ஞாபகம் இருக்கறப்பவே நூறு தரம் நெனச்சு வெச்சுக்கணும். இல்லாட்டி முள்ளு மண்டிடும்டி. அந்த நாலு வயசு மூஞ்சி எனக்குப் பாதி போயிடுச்சு. மூக்கு எப்படிக் கீதுன்னு ரெண்டு வருஷமா ஞாபகம் வரல. யாருகிட்டச் சொல்றது அத?"

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

மடியில் அவள் வலது கை மல்லாந்து கிடந்தது. கட்டைவிரல் ஒவ்வொரு கணுவாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் அது அசைய வேண்டுமானால் அவள் என்ன நினைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தேர்க்கூட்டம் நெருக்குகிறது, குழந்தை நழுவப் பார்க்கிறது, விரலை மடக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். திருக்கழுக்குன்றம் வந்தது, போனது. இந்தத் தரம் அவள் முந்தானையை இழுத்துக்கொள்ளவில்லை. செங்கல்பட்டு வரைக்கும் பிடித்துக்கொண்டே வந்தாள்.